மேற்கோள் குறியை எங்கே மூடுவது?

"முதல்ல இதைச் சொல்லுங்க, மேற்கோள் குறியை எங்கே மூடறது?" என்று கேட்டுவிட்டு அச்சகக்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

நாடகக்குழுவின் செயலாளர் விழித்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு குழு ஒரே ஒரு நாள் மேடையேறுகிறது. ஒரு காலத்தில் இவர்கள் பாட்டு முணுமுணுக்காத குளியலறை உண்டா? என்ன காலம் அது! இப்போது யாருக்காவது ஞாபகம் இருக்குமா? அந்தப் பயத்தில்தான் நிகழ்ச்சி நிரலில் பாட்டுகளின் பெயரைப் போடச் சொன்னார். பாட்டுக்கு ஏது பெயர்? முதல் வரிதானே!

"'குடை மறந்த மாலையிலே', அதோட மூடிடுங்க."

மறுநாளே கதாநாயகி மூட்டுவலியோடு மாடியேறி வந்துவிட்டார்.

"என்னண்ணா, பாதியிலேயே கழுத்தை நெரிச்சிட்டீங்க? 'கூட வந்த மழையே'ன்னு இழுப்பேனே, அங்கதானே கைதட்டுவாங்க! அதைப் பார்த்தாத்தான் ஞாபகம் வரும்."

நியாயம்தான். குறியை அடுத்த வரிக்குத் தள்ளினார். வந்தது வினை.

"அவங்களுக்கு ரெண்டு வரி, எனக்கு ஒண்ணா?" காமெடியன் மூக்கால் அழுதார். "என் பாட்டுல சிரிப்பே நாலாவது வரியிலதான்யா வருது!"

நாலு வரி கொடுத்தார். கதாநாயகன் சரணமும் வேண்டுமென்றார். பாட்டே இல்லாத வில்லன், தன் சிரிப்பையாவது குறிக்குள் போடச் சொன்னார்.

"ஒரு தாள்னு சொன்னீங்க, புத்தகமாயிடுச்சு!" என்றார் அச்சகக்காரர்.

"எல்லாப் பாட்டையும் முழுசாப் போட்டுத் தொலைங்க!"

அந்த நாளும் வந்தது. மணி அடித்தாகிவிட்டது. செயலாளர் திரையை விலக்கிப் பார்த்தார். அரங்கின் கனத்த கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை.

"நம்மளை மறந்துட்டாங்கம்மா" என்றார்.

கதாநாயகிக்கு அழுகை வந்தது. முகப்பூச்சு கலைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டார்.

டிக்கெட் கிழிப்பவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாருமே வரலையாப்பா?"

"எல்லாரும் வந்தாச்சு சார். வராந்தாவுல உங்க புத்தகத்தால விசிறிக்கிட்டே, கண்ணை மூடிக்கிட்டுக் கோரஸாப் பாடறாங்க. பாதி நாடகம் முடிஞ்சுது, நடிகருங்களைச் சீக்கிரம் வந்து உட்காரச் சொல்றாங்க!"