சுருளி புகார் தரவில்லை

ஒரு காட்டில் வடிவாம்பாள் என்றொரு கௌதாரி சோளம் விற்றுப் பிழைத்து வந்தாள். அவள் கதிர்களில் லேபிள் கிடையாது. வாங்க வருகிறவர்கள் தோகையை விலக்கிப் பார்ப்பார்கள். உள்ளே புழு நெளிந்தால் முகம் மலர்ந்து வாங்கிப் போவார்கள். புழு தொடாத கதிரை அவர்களும் தொடமாட்டார்கள். அந்தக் காட்டில் பரிசோதனை என்றால் அதுதான்.

ஒரு மழைக்காலத்தில் நரியார் புதுச் சோளம் கொண்டுவந்தார். விதைக்குள்ளேயே எதையோ மாற்றியிருப்பதாகப் பேச்சு. ஒவ்வொரு கதிரும் முயல் எழுந்து நின்ற உயரம். ஒன்றிலும் புழு இல்லை.

"ஏன் நரியாரே, புழு அண்டவே மாட்டேங்குது?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

"சுத்தம்மா, சுத்தம்!"

"சுத்தமா இருந்தா எங்க புழு சுருளி முதல் ஆளா வந்து உட்காருவானே. உள்ள என்ன மாத்துனீங்கன்னு எழுதி ஒட்டுங்க. சோதிச்சுக் காட்டுங்க. புள்ளகுட்டிக்காரங்க திங்கிற பொருளு."

நரியார் சிரித்தார். வடிவாம்பாள் விடவில்லை. மூன்று படிவம் நிரப்பி, ஆமைக்குப் பின்னால் வரிசையில் நின்று, உணவுப் பாதுகாப்பு அதிகாரியான உடும்பிடம் மனுக் கொடுத்தாள்.

"சோதிக்கலாம். தின்று பார்க்க ஆள் வேண்டுமே?" என்றது உடும்பு.

வடிவாம்பாள் ஓடிவந்து, தன் கதிரிலேயே குடியிருந்த புழு சுருளியை எழுப்பினாள்.

"அக்கா, அதோட வாசனையே எனக்குப் பிடிக்கல."

"ஒரே ஒரு கடி, தம்பி. நீ துப்பிட்டு வந்தாப் போதும், காடே நம்பும்."

சுருளி அக்காவின் சொல்லைத் தட்டியதில்லை. சம்மதப் பத்திரத்தில் ஒருமுறை நெளிந்து கையெழுத்திட்டு நரியாரின் கதிருக்குள் போனான். வெளியே வரவில்லை.

பதினான்காம் நாள் உடும்பு தோகையைத் தட்டியது. "உணவு குறித்துப் புகார் உண்டா?" பதில் இல்லை. விதிப்படி மூன்று முறை கேட்டுவிட்டு, 'புகார் இல்லை' என்று எழுதியது.

"செத்துக் கிடக்கான் ஐயா!" என்று அலறினாள் வடிவாம்பாள்.

"அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையேம்மா." உடும்பு வருத்தத்தோடுதான் சொன்னது. "அது போகட்டும், உங்கள் சோளத்தைச் சோதிப்பது யார்?"

"அவன்தான்… தினமும்."

"அவர் இப்போது இல்லையே."

மறுநாள் லேபிள்கள் வந்தன. நரியார் கதிரில் பச்சையில்: 'சோதிக்கப்பட்டது. புகாரற்றது.' வடிவாம்பாள் கதிரில் சிவப்பில்: 'எச்சரிக்கை. சோதிக்கப்படாதது.'

"லேபிள் கேட்டது நீங்கள்தானே?" என்றார் நரியார், மரியாதையாக.

வருஷக்கணக்காக வாங்கிய முயல்கூட சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுத் தலைகுனிந்து நகர்ந்தது. அந்தி சாய்ந்ததும் வடிவாம்பாள் கடையைக் கட்டினாள். சுருளி பாதி கடித்து வைத்திருந்த ஒரு கதிரை மட்டும் சிறகுக்குள் எடுத்துக்கொண்டாள்.

நீதி: உணவில் குறை இருந்தால், உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு காக்கும் மௌனம் திருப்தி என்றே பதிவு செய்யப்படும்.