நாற்பத்தைந்து வரிசை வெந்த கேக்

கடைமடைவரை நீர் சுமக்கும் வாய்க்கால்களே, கதிர் முற்றித் தலைசாய்ந்த சம்பா வயல்களே, மின்கம்பிமேல் கொலுவீற்றிருக்கும் கரிச்சான்களே, சற்றே செவி கொடுங்கள். பதினாறு ஆண்டுகள் சார்ஜா வெயிலை முதுகில் தாங்கியவனும், ஒற்றைக் கையால் முட்டை உடைப்பவனும், இரட்டை ஊசியால் கம்பளி பின்னுபவனும், வாங்கிய மாவை மூன்று முறை சலித்த பின்னும் நாலாம் முறை சந்தேகிப்பவனுமாகிய நன்னிலத்து முகம்மது யூசுப்பின் வெற்றியைப் பாடத் துணிந்தோம். அது வெற்றிதானா என்பதைக் கேட்டு முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அன்று நாற்பதாம் நாள். நாற்பது நாளுக்கு முன் டாக்டரின் திருவாய் மலர்ந்தது: யூசுப்பின் இல்லத்தரசியும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்தால் நடுங்கவைப்பவளுமாகிய சஃபியா டீச்சரின் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறது, நாற்பது நாள் சீனியும் மைதாவும் ஆகாது, நாற்பத்தோராம் நாள் காலை வெறும் வயிற்றில் லேப்புக்கு வரவேண்டும். டீச்சர் தலையசைத்தாள். ஆனால் வீடு திரும்பியதும் ஒரு நிபந்தனை விதித்தாள்.

“நாலு மணி டீயோட கடிச்சுக்க ஏதாவது வேணும்ங்க. அது இல்லாத அன்னிக்கி நான் பழையபடி இனிப்புக்குப் போயிடுவேன். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது.”

அக்கணமே சூளுரைத்தான் வீரன். கேழ்வரகு பிஸ்கட்டாலும், கம்பு பன்னாலும், தினை ரஸ்க்காலும் முப்பத்தொன்பது மாலைகளை ஒவ்வொன்றாக வென்றெடுத்தான். எஞ்சியது ஒரே மாலை. அதற்கென வைத்திருந்தான் தன் படைக்கலன்களுள் தலையாயதை: மாப்பிள்ளைச் சம்பா மாவும், கறுத்துப் பழுத்த பூவன் பழம் மூன்றும், முட்டை நாலும் கூடிய கேக்.

இங்கே அவனது போர்முறையைச் சொல்லியாக வேண்டும். சார்ஜாவிலிருந்து கார்கோவில் வந்த ஓவனின் நேரம் காட்டும் குமிழ் வழியிலேயே உடைந்து மாண்டது. கைப்பேசியை நம்பிய ஒருநாள், அலாரம் அடிக்கவேண்டிய நேரத்தில் வெளிநாட்டிலிருந்து மகன் ஹம்தான் அழைத்துவிட, பேசி முடிக்கும்முன் பிஸ்கட் கரியானது. சுவர்க் கடிகாரமோ மூன்று மாதமாகப் பத்தேகாலிலேயே தவமிருக்கிறது. ஆகவே, குளிர்கால நைட் டூட்டியில் நேபாளி நண்பனிடம் கற்ற கம்பளிப் பின்னலையே காலக்கணக்காக்கினான் யூசுப். ஒரு வரிசை பின்ன ஒரு நிமிடம். பிஸ்கட்டுக்குப் பதினெட்டு வரிசை. கேக்குக்கு நாற்பத்தைந்து. வேப்பமரமே வியர்க்கும் நன்னிலத்தில் அவ்வாறு விளைந்த கம்பளியை உடுப்பார் யாருமில்லை. எனவே கேஸ் சிலிண்டர் பச்சை ஸ்வெட்டர் அணிந்தது, மிக்சி குல்லா தரித்தது, டிவி ரிமோட் காலுறைக்குள் கண்வளர்ந்தது. அன்று அவன் மடியில் வளர்ந்துகொண்டிருந்தது, தண்ணீர் கேனுக்கான சிவப்பு மஃப்ளர்.

ஓவனின் செவ்வாய் திறந்தது. மாவு நிறைந்த டின் உள்ளே ஏகியது. கதவடைத்த வீரன், அதன் கண்ணாடியை நோக்கி முழங்கினான்: “இன்று மாலை இவ்வீட்டில் சீனியின் கொடி ஏறாது!” பின்னர் நாற்காலியில் அமர்ந்து முதல் வரிசையைத் தொடங்கினான்.

பன்னிரண்டாம் வரிசையில் பகை நுழைந்தது. பதின்மூன்று என்பாரும் உண்டு, பன்னிரண்டென்றே கொள்வோம். தரங்கம்பாடியிலிருந்து பஸ் ஏறி, இடுப்பில் எவர்சில்வர் தூக்கோடு வந்தவள் சஃபியாவின் தங்கை ஷமீரா. தூக்கினுள் இருந்தது தம்ரூட். ரவையும் முட்டையும் பாலும் சீனியும் நெய்க்கடலில் நீராடி, மேலே முந்திரிக் கவசம் பூண்ட தம்ரூட். மூடி திறந்ததும் அதன் நெய்மணப் பெரும்படை கூடத்தைக் கடந்து, அடுப்படியைச் சூழ்ந்து, டீச்சரின் மூக்கெனும் கோட்டை வாயிலை முட்டியது. டீச்சர் எச்சில் விழுங்கிய ஓசை ஊசிகளுக்கும் கேட்டது.

“நாளைக்கித்தானே லாத்தா டெஸ்ட்டு. இன்னிக்கி ஒரு துண்டு வாயில போட்டா என்ன ஆயிடும்?” என்றாள் ஷமீரா. வஞ்சமில்லை; அக்காள்மேல் அன்புதான். அன்பைவிடக் கூரிய ஆயுதமும் இல்லை.

“நாலு மணி ஆவட்டும்டி. அவரு செய்றாரு.”

ஷமீராவின் பார்வை அடுப்படிக்குள் திரும்பிச் சிலிண்டரில் நிலைத்தது.

“என்ன மச்சான், சட்டை போட்டு விட்டுருக்கீங்க? சளி புடிச்சிருக்கா அதுக்கு?”

“நீ வேற. போன வாரம் குக்கருக்கு அளவெடுத்தாரு,” என்றாள் டீச்சர்.

ஐயகோ, வீரனின் கை சும்மா இருக்கவில்லை! மதம் பிடித்த களிற்றின் கொம்புகளெனப் பாய்ந்தன ஊசிகள். அறுவடை எந்திரத்தின் பற்களெனச் சுழன்றன விரல்கள். கம்பளி உருண்டை அடிபட்ட எலியைப் போல் மேசைக்கடியில் உருண்டோடியது. நிமிடத்துக்கு ஒன்றாக நடந்த வரிசைகள், இரண்டாகவும் மூன்றாகவும் குதித்தன. ஷமீரா சிரிக்கும்தோறும் இன்னும் ஒன்று கூடியது. இவை எதையும் அறியாதவன் அவன் ஒருவனே. எண்ணிக்கை மட்டும் தவறவில்லை.

“நாப்பத்தஞ்சு,” என்று எழுந்தான். உலகத்துக் கடிகாரங்கள் யாவும் அப்போது இருபத்தேழு நிமிடமே கடந்ததாகக் காட்டின.

வெளிவந்த கேக் கோடைக் காவிரியின் மணல்மேடு போல் பொன்னிறம் பூத்து, நடுவே மெல்ல வெடித்து நின்றது. டீ வந்தது. தட்டு வந்தது. வீரன் கத்தியை உயர்த்தி நடுவில் இறக்கினான். மதகு திறந்த வாய்க்காலெனக் கொழகொழவென்று பெருகியது மாவு. தட்டின் விளிம்பைக் கடந்து மேசைவிரிப்பில் பாய்ந்தது. அவன் முகம், நாற்றங்காலோடு மூழ்கிய வயலானது.

“வரிசை சரியாத்தானே எண்ணுனேன்,” என்றான் மெதுவாக.

டீச்சர் தட்டைப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். ஷமீரா தம்ரூட்டில் ஒரு துண்டைக் கிள்ளி அக்காளின் உதட்டருகே கொண்டுபோனாள். முப்பத்தொன்பது நாள் கட்டிய கோட்டை, முந்திரி பதிந்த அந்தத் துண்டின் முன் நடுங்கியது. டீச்சரின் வாய் திறந்தது.

“எடுடி அதை,” என்றது அந்த வாய். “முப்பத்தொம்போது வாங்கிட்டு ஒரு மார்க்க விட்டவளா நான்?”

ஸ்பூனை எடுத்தாள். நடுக்குழியில் அள்ளினாள். விழுங்கினாள்.

“கேக்குன்னு நெனச்சாத்தாங்க கஷ்டம். களின்னு நெனச்சா நல்லாத்தான் இருக்கு.”

வீரன் நிமிர்ந்தான். இன்னொரு ஸ்பூன் கொண்டுவந்தான். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த ஷமீரா, “எனக்கும் ஒண்ணு குடுங்க மச்சான்,” என்றாள். அவள் கொண்டுவந்த தூக்கைச் சிவப்பு மஃப்ளரால் மூன்று சுற்றுச் சுற்றி, கழுத்தில் முடிச்சிட்டு, சிறைப்பட்ட வேந்தனைப் போல் அலமாரி உச்சியில் ஏற்றினான் யூசுப். டின்னின் அடிவரை வழித்துண்டனர் மூவரும். நாற்பதாம் மாலை வீழ்ந்தது. சீனியின் கொடி ஏறவில்லை. கரிச்சான்கள் கம்பிமேல் இடம் மாறி உட்கார்ந்தன.

மறுநாள் மூன்று பேருக்கும் வயிறு சரியில்லாததால் யாரும் லேப்புக்குப் போகவில்லை.