பேரின்பநாயகத்தின் ஐஸ்கிறீம் வைத்தியம்

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில், நாலாம் மாடி வீடொன்றில், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று பேரின்பநாயகம் சபதம் எடுத்தார்.

"இனிப்பில்லாமல் நான் சாகமாட்டன்!"

பெட்டியைத் திறந்தார். அவித்த முட்டைக்கோவா இருந்தது. மூடினார். சபதம் இன்னும் இறுகியது.

பெயரில் பேரின்பம். நாக்குக்கு ஒரு சிற்றின்பம்கூட இல்லை. எல்லாம் அந்த ஏணியால் வந்த வினை. மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் அவர் வேலை பார்த்து வந்தார். யன்னல் துடைக்க ஏணியில் ஏறியவருக்குத் தலை சுற்றியது. இறங்கிவிட்டார். படியால் அல்ல. நல்ல காலம், கீழே சிஞ்ஞோராவின் சோபா கிடந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சோபாவுக்குத்தான் கால் முறிந்தது.

டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இது இரத்தமா, மர்மலேட்டா?" என்று கேட்டார். சீனி வருத்தமாம். இனிப்பைக் கண்ணாலும் பார்க்கக்கூடாதாம். நிறைய நடக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் ஊசியாம். சிஞ்ஞோரா கண்ணீரோடு அவரை ஓய்வில் அனுப்பிவைத்தார். அந்தக் கண்ணீர் அவருக்கா, சோபாவுக்கா என்பது இன்றுவரை தெரியாது.

மிலானோவில் கலியாணம் கட்டி இருக்கும் மகள் கேசிகா தொலைபேசியில், "நீங்கள் அப்பாவைப் பாருங்கோ அம்மா, வீட்டுச் செலவை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். ரதியும் வேலையை விட்டுவிட்டுப் புருசனைப் பார்த்தாள். காலையில் பார்த்தாள். மத்தியானம் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சீனிப் போத்தல் அலமாரிக்குள். அலமாரிக்குப் பூட்டு. பூட்டின் திறப்பு தாலிக்கொடியில்.

வெளியே சிரோக்கோக் காற்று. ஆபிரிக்கப் பாலைவனத்து மணலையெல்லாம் கடல் கடந்து அள்ளிவந்து பால்கனியில் கொட்டிற்று. உடுப்புக் காயப்போட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கிற்று. நாள் முழுக்க வீட்டுக்குள் கிடந்த பேரின்பநாயகத்துக்குத் தான் பாலைவனத்திலேயே குடியேறிவிட்ட ஒட்டகம் என்று தோன்றியது. ஒட்டகத்துக்காவது முதுகில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும்.

இந்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக் கொன்செத்தா அவரைப் படிக்கட்டில் மறித்தாள். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரங்களில் தேவாலய மண்டபத்தில் பெண்கள் கூடுகிறார்களாம். பழைய துணித்துண்டுகளைப் பொருத்திப் பஞ்சு வைத்துப் போர்வை தைக்கிறார்களாம். 'trapunta' என்று பெயராம். சிஞ்ஞோரா ரதியும் வரலாமே?

பேரின்பநாயகத்தின் மண்டைக்குள் நூறு வாட் பல்பு எரிந்தது. கிழமையில் இரண்டு பின்னேரம்! ரதி அங்கே! தான் இங்கே! இங்கே என்றால் இங்கேயா? ஐஸ்கிறீம் கடையில்! நாலு மாடியையும் மூச்சு விடாமல் ஏறினார்.

"ரதி! கீழ்வீட்டு மனிசி கேட்டவ, திறப்புந்தா எண்டு."

"ஏனாம்? எங்கட வீட்டுத் திறப்பு அவவுக்கு என்னத்துக்கு?"

"திறப்பு இல்லையப்பா, திறப்புந்தா."

"அதைத்தானே சொல்லுறியள், திறப்புந் தா எண்டு. திறப்போட வேற என்ன தரவேணுமாம்?"

"ஐயோ, அது இத்தாலியன்! போர்வை! துண்டுத்துணி பொருத்தித் தைக்கிற போர்வை!"

"இந்த வெக்கைக்கு ஆருக்குப் போர்வை?"

"குளிர் வருந்தானே?"

"வரேக்கை பாப்பம்."

"இஞ்சேரும், உமக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும். நாள் முழுக்க என்னையே பாத்துக்கொண்டிருந்தால் உமக்கும் அலுக்குமெல்லே?"

"அது அலுத்துக் கனகாலம்."

"அப்ப போமன்!"

"உங்களைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடிப் போறது? நீங்கள் என்ன செய்வியள்?"

"நித்திரை கொள்ளுவன்."

"இனிப்பு?"

"சீச்சீ! அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குக் குமட்டுது."

ரதி இலேசில் மசியவில்லை. அவர் தையற்கடைக்குப் போய் வெட்டுத்துணி ஒரு சாக்கு வாங்கி வந்தார். யோசித்தாள். பழைய தையல் மெசின் ஒன்றைத் தலையில் வைத்து நாலு மாடி ஏற்றினார். இன்னும் கொஞ்சம் யோசித்தாள். ஊசிக்கு நூல் கோர்த்து நீட்டினார். அதற்குப் பிறகுதான் பெரிய மனசு பண்ணி, "சரி, நீங்கள் இவ்வளவு கரைச்சல் படுத்திறியள் எண்டபடியால் போறன்" என்றாள்.

செவ்வாய் வந்தது. ரதி தையல் தைக்கப் போனாள். டொக்டர் காட்டிப் பயமுறுத்திய ஊசியைப் பெண்சாதியின் கையிலே கொடுத்து அனுப்பிவிட்ட பெருமிதத்தோடு பேரின்பநாயகம் சேட்டொன்றை மாட்டிக்கொண்டு தெருவில் பாய்ந்தார்.

மூலைக் கடைக்குள் புகுந்து, "பிஸ்தாச்சியோ, பெரிசா!" என்றார். கடைக்காரன் கையை விரித்தான். "ஃபினீத்தோ." முடிந்துவிட்டதாம். எல்லாமேயாம்.

அடுத்த கடையில் மெசின் பழுதாம். அதற்கடுத்த கடைக்காரன் இவரைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு பின்பக்கம் போனவன் திரும்பி வரவேயில்லை. ஆவணி மாதத்தில், பலெர்மோவில், ஐஸ்கிறீம் இல்லையாம்! பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் காய்ந்து நின்றபோதுகூட அவருக்கு இப்படி அழுகை வந்ததில்லை. ஆனாலும் விடவில்லை. நடந்தார். இன்னும் நடந்தார். பொலித்தெயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், வெள்ளை ஏப்ரன் கட்டிய குண்டு மனிதர் ஒருவர் கடை வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"ஓ, சிஞ்ஞோர் பெரி! வாருங்கள், வாருங்கள்!"

அவர் பெயர் மிம்மோ. தன் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் பேரின்பநாயகத்துக்கு நேரமில்லை. ஐஸ்கிறீம் உருகிவிடும்.

சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழச் சாறு போட்ட ஐஸ்கிறீம். முதல் வாய் வைத்தார். கண் தானாக மூடியது. உச்சந்தலையில் நாதஸ்வரம் கேட்டது. ஒரு குறைதான். பலெர்மோ வழக்கப்படி பிரியோஷ் என்ற இனிப்பு ரொட்டிப் பணிசுக்குள் வைத்துத் தரக் கேட்டால், "பிரியோஷ் முடிஞ்சுபோச்சு" என்று மிம்மோ கிண்ணத்தில்தான் தருவார். பக்கத்து மேசைக்காரர் பணிசோடு சப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதலே சொல்லி வைத்திருப்பார்கள் என்று பேரின்பநாயகம் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு செவ்வாயும் தவறவில்லை, ஒரு வெள்ளியும் தவறவில்லை. ரதி வீட்டுக்கு வரும்போது அவர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"நல்ல நித்திரையோ?"

"அடிச்சுப்போட்ட மாதிரி."

"இப்பிடி வேர்த்திருக்கு?"

"கனவில ஓடினனான்."

"காலில சப்பாத்தோடயோ?"

"கல்லுப் பாதையப்பா."

ரதி தன் சட்டையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள்.

புரட்டாதியில் திரும்பவும் இரத்தம் சோதித்தார்கள். முடிவை வாங்கப் போகும்போது பேரின்பநாயகம் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். பிடிபடப் போகிறோம். ஊசிதான். நாளாந்தம் ஊசிதான். டொக்டர் கடுதாசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீனி இறங்கியிருக்கிறதாம்! எடையும் இறங்கியிருக்கிறதாம்! ஊசிப் பேச்சுக்கே இடமில்லையாம்!

"என்ன செய்தீர்கள், சிஞ்ஞோர்?"

"மனக்கட்டுப்பாடு, தொத்தோரே" என்றார் பேரின்பநாயகம். பக்கத்திலிருந்த ரதி கைப்பைக்குள் எதையோ தேடினாள். தோள் மட்டும் குலுங்கிற்று. பாவம், சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்.

வெளியே வந்தபோது அவர் நிலத்தில் நடக்கவில்லை. உலகத்து டொக்டர்மாரெல்லாம் பிழை விட்டிருக்கிறார்கள்! கோவாவில் குறையாதது ஐஸ்கிறீமில் குறைந்திருக்கிறது! இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைத் தனக்குள் வைத்திருப்பது பாவம். அடுத்த தெருவில் இருந்த கூட்டாளி சோதிலிங்கத்திடம் ஓடினார். சோதிலிங்கமும் சீனிக்காரர். மனைவி குகனேஸ்வரிக்குப் பயந்து தேத்தண்ணியை வெறுமையாகக் குடித்துக் கன்னம் ஒட்டிப்போனவர்.

"சோதி, மருந்து கண்டுபிடிச்சிட்டன்!"

"என்ன, வெந்தயமோ?"

"ஐஸ்கிறீம்!"

"அண்ணை, வெயிலுக்கை திரிஞ்சனீங்களோ?"

"என்னைப் பாரும்! டொக்டர் கை குடுத்தவர்! சீனியைச் சீனியே துரத்துது, விளங்குதோ? ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில இவையளின்ர போர்வைக் கண்காட்சி. மிம்மோவும் வாறார். நானே உமக்கு முதல் கிண்ணம் ஊட்டிவிடுறன்."

சோதிலிங்கம் அன்று இரவே கனவில் ஐஸ்கிறீம் நக்கத் தொடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. சுவர் முழுக்கப் போர்வைகள். ரதி தைத்த போர்வைதான் நடுவில். நீலமும் செம்மஞ்சளும் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்து கிடந்தது. அதைப் பார்க்க ஒரு கூட்டம். ஒரு நட்சத்திரத்தில் தன்னுடைய காணாமல்போன சாரத்தைப் பேரின்பநாயகம் அடையாளம் கண்டார். சண்டை பிடிக்க நேரமில்லை. நோயாளி காத்திருக்கிறார்.

மிம்மோ பெரிய பெரிய வாளிகளோடு மேசைக்குப் பின்னால் நின்றார். ஓரத்தில் சின்னத் தகரப் பேணி ஒன்று.

"மிம்மோ, ரெண்டு பெரிய கிண்ணம்! இவர் என்ர ஆள்."

மிம்மோ பெரிய வாளிகளைத் தாண்டிச் சின்னப் பேணியைத் திறந்தார்.

"அதில இல்லை, இதில!"

"இல்லை, சிஞ்ஞோர் பெரி. உங்களுடையது இதுதான். எப்போதும் இதுதானே?"

"ஏன், அதுக்குள்ள என்ன கிடக்கு?"

மிம்மோ குழம்பிப்போனார். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி மண்டபம் அதிரக் கூப்பிட்டார்.

"சிஞ்ஞோரா ராத்தி! இந்தப் புது ஆளுக்கும் சீனி போடாததுதானா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ரதி சட்டையில் ஊசி குத்தியபடியே வந்து நின்றாள்.

"சீனி போடாததோ?" பேரின்பநாயகத்தின் குரல் கீச்சிட்டது.

"ஓம்."

"கோடை முழுக்கவோ?"

"ஓம். சீனிக்காரருக்கெண்டு விக்கிற இனிப்புத் தூள். கடைத் தெருவெல்லாம் தேடித் திரிஞ்சு நான்தான் வாங்கிக் குடுத்தனான்."

"மூலைக் கடையில முடிஞ்சுது எண்டது?"

"நான் சொல்லி வைச்சது."

"மெசின் பழுதெண்டது?"

"அதுவும் நான்தான். டொக்டர் உங்களை நடக்கச் சொன்னவர். பொலித்தெயாமா நல்ல தூரம்."

"இந்த மிம்மோ ஆர்?"

"கொன்செத்தாவின்ர தம்பி."

பேரின்பநாயகம் கடைசித் துரும்பைப் பிடித்தார். "எண்டாலும் திறப்புந்தா என்ர யோசினைதானே? உம்மைத் தைக்க அனுப்பினது நானெல்லே?"

"ஓமோம். போன வருசம் நான் போகக் கேட்டனான். கந்தல் தைக்கவோ இத்தாலிக்கு வந்தனீர் எண்டு சிரிச்சியள். இந்த வருசம் படிக்கட்டில உங்களை மறிக்கச் சொல்லிக் கொன்செத்தாவுக்குச் சொன்னன். மெசினையும் நீங்களே தலையில தூக்கி வந்தியள்."

"என்னை ஏமாத்திப்போட்டீர், ரதி!"

ரதியின் குரல் கொஞ்சம் இறங்கிற்று. "அண்டைக்கு ஏணியில இருந்து விழுந்திட்டார் எண்டு ஆள் வந்து சொல்லேக்கை எனக்குக் கை கால் ஓடேல்லை. ஏமாத்தாமல் விட்டிருந்தால், இப்ப ஏமாத்த ஆளே இருந்திருக்காது."

பேரின்பநாயகம் சின்னப் பேணியை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். பக்கத்தில், அதற்குள் மிம்மோவிடம் வாங்கிய கிண்ணத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்த சோதிலிங்கம் நிமிர்ந்து, "அண்ணை, எனக்கெண்டால் நல்லாத்தான் கிடக்கு. இன்னொண்டு கேக்கட்டோ?" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்தபோது பேரின்பநாயகத்தின் மண்டைக்குள் திரும்பவும் பல்பு எரிந்தது. இந்தமுறை இருநூறு வாட். ஒளிவு மறைவெல்லாம் முடிந்ததே! இனிச் செவ்வாய் வரும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்? சீனியில்லாத ஐஸ்கிறீமை எந்தச் சட்டம் தடுக்கும்? தினமும் போகலாம்! இத்தனை நாள் பெண்சாதி வென்றாள். இன்றைக்குத் தன் முறை!

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மெசினில் தைத்துக்கொண்டிருந்த ரதிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"மிம்மோவிட்டைப் போறன். இனி ஒவ்வொரு நாளும் போவன். உம்மால தடுக்க ஏலுமோ?"

"ஏலாது" என்றாள் ரதி, தைத்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "போயிட்டு வாங்கோ."

அடடா! என்ன வெற்றி! படிகளில் குதித்து இறங்கினார். மணற்காற்று முகத்தில் அறைந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை. சீசாவிலிருந்து பொலித்தெயாமா வரைக்கும் கையை வீசி, மெட்டொன்றை முணுமுணுத்தபடி, ராணுவ அணிவகுப்பு மாதிரி நடந்தார்.

திரும்பி வந்தபோது சேட்டைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும்போல இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கடை பூட்டு, ரதி."

"தெரியும். திங்கள்ல பூட்டுத்தான்."

"பாவி மனிசி, போகமுந்தியே சொல்லியிருக்கலாமெல்லே?"

ரதி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"சொல்லியிருந்தால் நடந்திருப்பியளோ?"