பட்டாணி அளவு பேஸ்ட்

"தொண்ணூத்தேழு!" என்று உள்ளறை மேசைக்கு அடியிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

முன்னறையில் அழகு நிலையம் நடத்தும் மனைவி, வாடிக்கைக்காரம்மா ஒருவருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். பல்லில் கவ்விய நூலை விடாமலே கேட்டாள்.

"யாருக்குங்க?"

"கம்ப்யூட்டருக்கு!"

"அப்ப சரி" என்று அவள் அடுத்த புருவத்துக்குப் போனாள்.

வரைபடக்காரருக்கு அது அவ்வளவு லேசாக விடுகிற விஷயமாகப் படவில்லை. கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுப்பவர் அவர். ஒரு பெரிய நூலகத்தின் திட்டம் அப்போது கையில் இருந்தது. வாசலில் நுழைந்து, படியேறி, அலமாரிகளுக்கு நடுவே நடந்து, ஜன்னலோரம் போய் உட்கார்வதுபோல ஒரு வீடியோ. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்து மேடம் அதைத் தேர்வுக் குழுவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். படமெல்லாம் வரைந்தாகிவிட்டது. அவற்றைக் கணினி கோத்து வீடியோவாக்க ஒன்பது மணி நேரம் விடாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. குழுவுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த மூன்று நூலகங்களும் அவருக்கே என்று மேடம் சொல்லியிருந்தார்.

கணினியைப் போன மாதம் விடுமுறைக்கு வந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, புதிதாகப் பூட்டிக் கொடுத்திருந்தான். கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தான். அதற்கு ஓவர்க்ளாக் என்று பெயராம். கூடுதல் சூட்டைத் தாங்க ஒரு பெரிய கூலரும், அதன் நெற்றியில் சூட்டைக் காட்ட தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரையும் இருந்தன. திங்கள்கிழமை காலை கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோதுதான் வரைபடக்காரர் அந்தத் திரையை முதன்முதலாகக் கவனித்தார். 97.

வீடியோ வேலையை ஓடவிட்டுப் பார்த்தார். 98. 99. 101. 103. பாய்ந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். நூறில் தண்ணீரே கொதித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மச்சானுக்குப் போன் போட்டார்.

"தொண்ணூத்தேழா? சும்மா இருக்கும்போதேவா?" மச்சான் அந்தப் பக்கம் பதறினான். "மாமா, உங்க நல்ல நேரம் அது இன்னும் புகையல! பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுவோமே, அது. நல்லதா ஒண்ணு வாங்கி, பட்டாணி அளவு வச்சு, கூலரை மறுபடி பூட்டுங்க."

"பச்சைப் பட்டாணியா, காய்ஞ்ச பட்டாணியா?"

மச்சான் கொஞ்சம் யோசித்தான். "நடுவாந்தரமா" என்றான்.

கணினி உதிரிபாகக் கடைக்காரர் ஏழு டியூபுகளைக் கண்ணாடி மேல் வரிசையாக அடுக்கினார்.

"இது வெள்ளை. இது சாம்பல். இதுல வெள்ளி கலந்திருக்கு. இதுல வைரத்தூள். இது கார்பன். இது விளையாடுற பசங்க கேட்டு வாங்கிட்டுப் போறது. கடைசியில இருக்கே, அது திரவ உலோகம். அதை மட்டும் தொடாதீங்க."

"ஏன், நல்லா இருக்காதா?"

"ரொம்ப நல்லா இருக்கும். அதான் சொல்றேன். ஒரு சொட்டு சிந்தினா போர்டு அவுட்."

வரைபடக்காரர் ஏழு டியூபின் முதுகையும் படித்தார். போனில் தேடினார். வெள்ளி கலந்ததே சிறந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி எழுதுகிறவர்கள் பேஸ்ட்டையே கண்ணால் பார்த்திராதவர்கள் என்று அதன் கீழேயே இன்னொருவர் எழுதியிருந்தார். அதற்கும் கீழே இருவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரித்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் சாம்பலை எடுத்தார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்குப் பத்தே நிமிஷத்துல சரின்னு தலையாட்டுனீங்க" என்றாள் மனைவி, தாமதத்துக்குக் காரணம் கேட்டபிறகு. "ஒரு டியூபுக்கு ஒன்றரை மணி நேரமா?"

"அப்ப இன்டர்நெட் இல்ல" என்றார் அவர்.

பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு வைத்து, கூலரைப் பூட்டினார். மதிய வெயில் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. திரை 98 என்றது.

"ஒரு டிகிரி ஏறிடுச்சு மச்சான்!"

"அப்ப பட்டாணி பத்தல மாமா. சிலர் கோடு போடுவாங்க, சிலர் குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறி போடுவாங்க, சிலர் முழுசா தடவுவாங்க. நீங்க தடவிடுங்க."

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் வைரத்தூள் வாங்கி வந்தார். தடவுவதற்கு விரலைக் கொண்டுபோனவரை மனைவி தடுத்தாள்.

"விரல்ல தடவினா திட்டுத் திட்டாதான் நிக்கும். தள்ளுங்க." தன்னுடைய ஃபேஸ் பேக் தடவும் மரக்கரண்டியை எடுத்துவந்து, மூன்றே இழுப்பில் கண்ணாடிபோலத் தடவிக்கொடுத்தாள். பதினைந்து வருடமாக முகங்களில் பழகிய கை.

திரை 97 என்றது.

"ஒரு டிகிரி இறங்கிடுச்சே!" என்றாள் மனைவி.

"இது நேத்து காலையில இருந்த இடம்" என்றார் அவர் சோர்ந்துபோய்.

அந்தச் சோர்வில் மரக்கரண்டியை அரைகுறையாகத் துடைத்து, அவளுடைய தட்டிலேயே வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள வந்தார். ஃபேஸ் பேக்கைக் கழுவினபோது டீச்சரின் நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை வெள்ளிக்கோடு ஒன்று பளபளத்தது. சோப்புக்குப் போகவில்லை. எண்ணெய்க்குப் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அகலமாயிற்று.

"என்னங்க இது, புதுசா ஏதாவது ஐட்டமா?" என்று டீச்சர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"வைரத்தூள் கலந்தது" என்றார் வரைபடக்காரர், உண்மையை மறைக்கக் கூடாது என்று நினைத்து.

டீச்சர் போனபிறகு மனைவி அந்த மரக்கரண்டியை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை மேடம் அழைத்தார். "வீடியோ என்னாச்சு?"

"ஓடிக்கிட்டே இருக்கு மேடம்" என்றார். கடைக்கும் வீட்டுக்குமாக மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது அவர்தான்.

போனை வைத்ததும் நேராகப் போய் ஏழாவது டியூபை வாங்கினார்.

"சொன்னேனே சார்" என்றார் கடைக்காரர்.

"நான் படம் வரையுறவன். கை நடுங்காது."

கை நடுங்கவில்லைதான். தும்மல் வந்தது. திரவ உலோகம் சின்னச் சின்ன வெள்ளி முத்துகளாகப் போர்டெங்கும் உருண்டோடியது. தெரிந்ததையெல்லாம் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். "டப்" என்று ஒரு சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. திரையிலும் எண் இல்லை.

"இப்ப எவ்வளவு?" என்று முன்னறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமே இல்ல" என்றார். மூன்று நூலகங்களும் ஒவ்வொன்றாக இடிந்து விழுவதுபோல இருந்தது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். திட்ட வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துத் தூக்கினாள்.

நல்லவேளை, போர்டு மட்டும்தான் போயிருந்தது. கடைக்காரர் வேறு போர்டு மாற்றி, ஒரு பெரிய டப்பாவிலிருந்து ஏதோ பேஸ்ட்டை எடுத்து அப்பி, வேகத்தையும் பழையபடி கூட்டி, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கையில் கொடுத்தார்.

"அது எந்தப் பேஸ்ட்?" என்று வரைபடக்காரர் ஆவலோடு கேட்டார்.

"எல்லாருக்கும் போடுறதுதான் சார், பேர்கூட அழிஞ்சிடுச்சு. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். என் மானிட்டர்ல ஜம்முனு முப்பத்தாறு காட்டுச்சு."

வரைபடக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, மாட்டி, சுவிட்சைப் போட்டு, குனிந்து பார்த்தார்.

97.

"கடையில முப்பத்தாறு, வீட்டுல தொண்ணூத்தேழா?" போனில் கடைக்காரரும் குழம்பிப்போனார். "அப்ப மெஷின்ல குத்தம் இல்ல சார். உங்க ரூம்லதான் ஏதோ இருக்கு. குளிர்ச்சியான இடமா பார்த்து வைங்க."

வீட்டில் ஏசி இருந்த ஒரே இடம் முன்னறை.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எத்தனை மணி நேரம்?"

"ஒன்பது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேடத்துக்கிட்ட இருக்கணும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"வைங்க" என்றாள்.

கணினி அலமாரித் தட்டில், ஷாம்பூ பாட்டில்களுக்கு நடுவே, மூன்றாவது நாற்காலிக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தது. வரைபடக்காரர் ஏசியைப் பதினாறில் வைத்தார். முடி காயவைக்கும் டிரையரை ஓட்டக் கூடாது, சூடு. முகத்துக்கு ஆவி பிடிக்கக் கூடாது, அதுவும் சூடு. கதவை அடிக்கடி திறக்கக் கூடாது. தலை அலசிக்கொண்டு ஈரக்கூந்தலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பல் தந்தியடிக்க, "அக்கா, நான் அப்புறமா வரேன்" என்று துண்டோடு எழுந்து போனார். முன்பதிவு செய்திருந்த இருவர் கதவைத் திறந்ததும் அப்படியே மூடிக்கொண்டு போனார்கள்.

திரை மெல்ல மெல்ல இறங்கியது. 95. 92. மதியம் பன்னிரண்டு மணிக்கு 89.

"எண்பத்தொம்பது!" வரைபடக்காரர் கிட்டத்தட்டக் குதித்தார். நான்கு நாளில் கண்ட முதல் வெற்றி. ஆனாலும் வேலையை ஓடவிடும் பட்டனின் மேல் வைத்த விரல் அழுத்த மறுத்தது. எண்பத்தொன்பதும் கொதிக்கிற எண்தானே. ஓடவிட்டால் பத்து, பதினைந்து ஏறாதா? இன்னொரு தும்மல் அளவு துரதிர்ஷ்டத்தைக்கூட அவரால் தாங்க முடியாது.

"ஐஸ் கட்டியைப் பையில கட்டி மேல வைக்கலாமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வச்சுக்கோங்க. அந்தக் குளிர்லயே என் கடையும் விறைச்சுப்போகட்டும்."

மூன்றாவது நாற்காலியில் முகம் முழுக்க ஃபேஸ் பேக்கும் கண்ணில் பஞ்சுமாகப் படுத்திருந்தவர், மதிய ஷிஃப்ட்டுக்கு முன்னால் கொஞ்சம் ஓய்வெடுக்க வந்த பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி நர்ஸ். குளிருக்கு இரண்டு துண்டுகளைப் போர்த்தியிருந்தார். ஒரு கண்ணிலிருந்து பஞ்சை எடுத்து, மூக்குக்கு எதிரே மினுங்கிய திரையை உற்றுப் பார்த்தார். பேக் உடையாமல் உதட்டோரத்தாலேயே பேசினார்.

"சார், ரொம்ப நேரமா சூடு சூடுன்னு சொல்றீங்களே, அது இந்த நம்பரா?"

"ஆமா சிஸ்டர். நாலு நாளா தூக்கமில்ல. தொண்ணூத்தேழுலயே நின்னுச்சு. இப்பத்தான் கொஞ்சம் இறங்கியிருக்கு."

"பக்கத்துல குட்டியா ஒரு 'எஃப்' போட்டிருக்கே, அதைப் பார்த்தீங்களா?"

"எஃப்னா ஃபேன்தானே?"

"ஃபாரன்ஹீட் சார், செல்சியஸ் இல்ல. எங்க தெர்மாமீட்டர்லயும் இதேதான் போட்டிருக்கும். தொண்ணூத்தேழுன்னா செல்சியஸ்ல முப்பத்தாறுதான், காய்ச்சலே இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவோம். எண்பத்தொம்பதுன்னா, உடனே ரெண்டு கம்பளியைப் போத்திவிட்டுட்டு டாக்டரைக் கூப்பிட ஓடுவோம்!"