எனக்குத்தாங்க டியூஷன்

பெற்ற பிள்ளையைப் பின்தொடர்ந்து போனதே இல்லை என்று சொல்லும் அம்மாக்களை நான் நம்புவதில்லை. மாட்டிக்கொண்டதில்லை என்று வேண்டுமானால் சொல்லட்டும். நான் மாட்டிக்கொண்டேன்.

என் மகன் ஜெரின் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு அட்வான்ஸ்டு பிரிவுக்குத் தேர்வானான். நுழைவுத் தேர்வுக்கென்று பள்ளியில் தனியாக நடத்தும் கடினமான வகுப்பு அது. சர்ச்சில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். (ஃபாதரிடம் இரண்டு முறை.) கொஞ்ச நாளில் பையன் மாறிப்போனான். தட்டில் சோறு அப்படியே கிடந்தது. போன் அடித்தால் வாசலுக்கு ஓடினான். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." சனிக்கிழமை மத்தியானமானால் தலையைச் சீவிக்கொண்டு "ஸ்பெஷல் கிளாஸ்" என்று கிளம்பினான்.

குன்னூரில் ஒரு தேயிலை ஏல ஆபீஸில் எனக்கு வேலை. சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்ததுமே இதில் என்ன கலந்திருக்கிறது என்றுதான் என் மூக்கு தேடும். பள்ளிக்கு போன் செய்தேன். சனிக்கிழமை வகுப்பே கிடையாது என்றார்கள்.

"பொண்ணு விவகாரந்தான்" என்றேன் கணவரிடம்.

"அவங்கிட்டயே கேளேன்."

"கேட்டா சொல்லுவானா? நீங்க சொன்னீங்களா உங்க ஊட்ல?"

(எங்களுடையது காதல் கல்யாணம்.) அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய குரங்குக் குல்லாவையும் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். மூடுபனி காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். அன்று பார்த்து வெயில் பளீரென்று அடித்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள், என் மகனைத் தவிர. அவன் குனிந்த தலை நிமிராமல் நடந்தான். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மேட்டுச் சந்து ஒன்றில் ஏறி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரு பெண் திறந்து, சிரித்து, உள்ளே கூப்பிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன்.

"எங்கடா அவ?"

சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நடுவில், முழங்கால் மேசையில் முட்ட, என் மகன். சுவரில் சாய்த்த பலகை நிறையப் பின்னக் கணக்கு. கண் மட்டும் தெரிந்த என்னைப் பார்த்து ஒரு சிறுமி அலறினாள். பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்ற அந்தப் பெண்தான் டியூஷன் டீச்சர் திவ்யா.

"ஏனுங்க, யாருங்க நீங்க?"

"டியூஷன் கேக்கலாம்னு வந்தேங்க."

"யாருக்குங்க?"

அவன் அம்மா என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் முன்னால் அவன் மானம் போய்விடும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்குத்தாங்க."

திவ்யா இரக்கப்பட்டு நாற்காலி போட்டாள். "படிக்கறதுக்கு வயசென்னங்க" என்று ஒரு கணக்கும் கொடுத்தாள். மேலே இருந்ததை மேலே இருந்ததோடும், கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடும் கூட்டினேன். அலறிய சிறுமி எட்டிப் பார்த்து, "தப்புங்க ஆன்ட்டி" என்றாள். ஜெரின் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தான். "கிளாஸ்ல ஒண்ணுமே புரியலம்மா. டெஸ்ட்டுன்னா கை வேர்க்குது, நெஞ்சு படபடங்குது. அடிப்படையே வரலைன்னு அந்தக்காகிட்ட போறேன். போன்லயும் அவங்கதான் சொல்லித் தருவாங்க. நீ சர்ச் பூரா சொல்லி வச்சிருக்க. நான் எப்படி அந்த கிளாஸ விட்டு வெளிய வர்றது?"

சந்தேகப்பட்டதில் எனக்கு வெட்கமில்லை. இது தோன்றாமல் போனதில்தான் வெட்கம். குல்லாவைக் கழற்றினேன்.

திங்கட்கிழமை நானும் ஜெரினுமாகப் பள்ளிக்குப் போனோம். "இந்த பேட்ச்ச விட்டா மறுபடி சேர முடியாதுங்க" என்று எச்சரித்தார் பள்ளிக் கணக்கு டீச்சர்.

"பரவால்லீங்க. மொதல்ல அவன் மூச்சு விடட்டும்" என்றேன்.

சாதாரணப் பிரிவுக்கு மாறினான். திவ்யாவிடமும் தொடர்ந்து போனான். தட்டில் சோறு மிஞ்சுவது நின்றது. (இப்போது ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

அன்றிலிருந்து துணிக்கடையோ மருந்துக்கடையோ, யாராவது "யாருக்குங்க?" என்று கேட்டால் போதும், அப்பாவும் மகனும் என்னைக் கைகாட்டி "இவங்களுக்குத்தாங்க" என்கிறார்கள்.

போன மாதம் திவ்யாவுக்குக் கல்யாணம். பரிசோடு நானும் ஜெரினும் மேடையேறினோம். "இது என்னோட ஸ்டூடண்ட்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

மாப்பிள்ளை ஜெரினுக்குக் கை கொடுத்து, "தம்பி என்ன படிக்கறீங்க?" என்றார்.

"தம்பியில்லீங்க" என்றாள் திவ்யா. "பக்கத்துல நிக்கறாங்களே, அவங்க."