மரகதம் கேட்ட முப்பது பிரதி

"புழு பொறுமையாக இருந்தது, அழகிய பூச்சியானது" என்று பாடப்புத்தகத்தில் எழுதி எங்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்தவன் நீதானே? பூச்சியான பிறகு என்ன நடந்தது என்று ஏன் எழுதவில்லை? நான் சொல்கிறேன், கேள்.

ஒரு காட்டில், ஓர் அரளிச் செடியில், மரகதம் என்றொரு புழு இருந்தது. பச்சை உடம்பு, வாலில் கொம்பு, கழுத்துக்குப் பின்னால் நீலத்தில் இரண்டு பொய்க்கண். காட்டு அலுவலகப் பதிவேட்டில் செடி அதன் பெயரில் இருந்தது. வளர்ந்ததும் பழுப்பு நிறமாகிக் கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தது. இரண்டு வாரம் கழித்துப் பருந்துபோல் விரைந்து பறக்கும் அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த சிறகு, வயிறு நிறைய முட்டை, மிச்ச ஆயுள் பத்தே நாள். அரளி இலையில் இடாவிட்டால் பிள்ளைகள் பட்டினியில் சாகும்.

செடியில் ஆளில்லை என்று அதற்குள் அலுவலகத்தார் கரிச்சான் குருவியைக் காவல் போட்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் கிட்டே போனால் ஒரே கொத்து. மரகதம் அலுவலகத்துக்குப் பறந்தது. அங்கே எழுத்தர் பச்சோந்தி.

"பதிவேட்டுல கொம்பு இருக்கே, எங்கம்மா?"

"தோலோட போயிடுச்சுங்கய்யா."

"நிறமும் மாறியிருக்கு. நிறம் மாறுற ஆளை இந்த ஆபீஸ் நம்பாது" என்றது பச்சோந்தி, பச்சையிலிருந்து பழுப்புக்குப் போய்க்கொண்டே. "நிரந்தர முகவரி?"

"ஆப்பிரிக்காவுல இருந்து இந்தக் காடு வரைக்கும் எங்க சனந்தாங்க. கோடையில ஐரோப்பாவுக்கும் போவோம்."

"வார்டு நம்பரைச் சொல்லும்மா!"

"சரி, செடி வேணாம். ஒரு கிளை?"

"முடியாது."

"நாலு இலை?"

"மனு எழுத மட்டும்தான் இலை. அரளி இலையில மூணு பிரதி. முடிவாக ஆறு மாசம்."

மரகதம் உறிஞ்சுகுழலைச் சுருட்டிக்கொண்டு யோசித்தது. "முப்பது பிரதிக்கு இலை குடுங்கய்யா."

கூடுதல் பிரதி கேட்ட முதல் மனுதாரர்! பச்சோந்திக்கு இரண்டு கண்ணும் இரண்டு திசையில் கலங்கின.

மனுவை எழுதி, ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு முட்டையாக இட்டுக் கொடுத்தது மரகதம்.

"அடியில என்ன பச்சைப் புள்ளி?"

"என் கையெழுத்துங்க."

மனு கொடுத்த எட்டாம் நாள் மரகதம் செத்துப்போனது. கோப்பு நகரவில்லை, கோப்புக்குள் இருந்தது நகர்ந்தது. முப்பது புழுக்கள் முதலில் தாயின் மனுவைத் தின்றன, பிறகு காட்டின் மொத்த மனுக்களையும். பச்சோந்தி நாக்கை நீட்டியது. முப்பது ஜோடி நீலக்கண் முறைத்தன. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, 'நிலுவை மனு: இல்லை' என்று அறிக்கை எழுதியது. காட்டை ஆளும் சிங்கராஜா அதற்குப் பொன்னாடை போர்த்தினார்.

நீதி: நியாயம் கேட்டு மனு கொடுக்காதே, மனுவையே தின்னும் பிள்ளைகளைக் கொடு.

பாடம் எழுதினவனே, பொறுமைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு இதைச் சேர். ஆறு மாசமெல்லாம் கிடையாது. இன்றைக்கே சேர்.