காதர் பாய் கிட்னிக்குக் கல்லுப்பு போட்ட கதை

ஒரு மனிதனின் கிட்னியை ஐஸில் வைத்து, மேலே கல்லுப்பு தூவி, பஸ்ஸில் மெட்ராசுக்கு எடுத்துக்கொண்டு போனவள் நான். முழுக் கிட்னி இல்லை, அதிலிருந்து எடுத்த இரண்டு துணுக்குகள்தான். ஆனாலும் போனது போனதுதான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் புதுசில்லை. நான் செய்தது மகா முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறம் செய்த ஒரு காரியத்துக்கு மட்டும் யார் வந்து கேட்டாலும் தலைகுனிய மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் லேபில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வீராம்பட்டினத்திலிருந்து வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். (இல்லை. எனக்கு முன்னால் நாலைந்து பேர் போயாச்சு. அம்மாகிட்ட அதை யார் போய்ச் சொல்றது?) அம்மாவுக்கு மீன் வியாபாரம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பெட்டி கட்டி, வெளியூருக்கு அனுப்புவாள். அதனால் நான் எழுத்துப் படிப்பதற்கு முன்பே ஐஸ் அடுக்கப் படித்தவள். கீழே ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ். பக்கத்தில் போகிற பெட்டிக்கு இது போதும். தூரமாகப் போகிற பெட்டிக்கு அம்மா ஐஸ் மேல் இரண்டு கை கல்லுப்பு தூவுவாள். உப்பு விழுந்தால் குளிர் இன்னும் இறுகும்.

காதர் பாய் டவுனில் கோட் தைக்கிற டெய்லர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் எல்லாம் கோட்டுக்கு அவரிடம்தான் வருவார்கள். இரண்டு மாதமாக அவருக்குக் கால் இரண்டும் வீங்கி, தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. கிட்னி வழியாகப் புரதம் ஒழுகுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் என்ன மருந்து என்று முடிவு செய்ய முடியும். தெரியாமல் மருந்து கொடுத்து நாளைக் கடத்தினால் கிட்னியே போய்விடலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி பயாப்சி.

ஆஸ்பத்திரியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே டாக்டர் இன்னொரு நீள ஊசியை இறக்கினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். ஒரு துணுக்கு. மறுபடி ‘டக்’. இன்னொரு துணுக்கு. என் வேலை அவற்றை வாங்கி இரண்டு பாட்டிலில் போடுவது. ஒன்றில் ஃபார்மலின். இன்னொன்றில் வேறு ஒரு திரவம், அதில் போடும் துணுக்கை ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு பாட்டிலின் சொட்டு இன்னொன்றில் படக்கூடாது. நான் படவிடவில்லை. ஒன்றின் இடுக்கியை இன்னொன்றில் விடவில்லை, லேபிளை மாற்றி ஒட்டவில்லை. அதுவரைக்கும் என்னைப் போல் ஒரு டெக்னீஷியன் புதுச்சேரியிலேயே இல்லை.

பாய் படுத்தபடியே கேட்டார். "எவ்ளோ எடுத்தாங்க, காட்டு பாக்கலாம்."

பாட்டிலைக் காட்டினேன்.

"இம்மாந்துண்டா? நூல் பிசிறு மாதிரி இருக்கு. இதுக்கா இந்தக் குத்து குத்தினாங்க?"

"இதுலியே எல்லாம் தெரிஞ்சிடும் பாய்."

"பத்திரம்மா. இன்னொரு தபா என்னால முடியாது."

"கவலப்படாதீங்க. என் உயிரக் குடுத்தாவது பாத்துக்கறேன்."

வழக்கமாக எடுத்துப் போகிற கூரியர்காரர் அன்றைக்கு லீவு. மெட்ராஸ் லேபுக்கு நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். பாட்டிலோடு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ‘சாதாரண வெப்பநிலையில் எடுத்துச் செல்லவும். ஐஸில் வைக்கக் கூடாது.’ நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். அக்னி நட்சத்திர வெயில், தார் ரோடு பிசுபிசுத்துக் கிடந்தது. இந்த வெயிலில் சதையை ஐஸ் இல்லாமல் மூணு மணி நேரமா? ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு யாரோ எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு போன் போட்டேன்.

அரை மணி நேரத்தில் அம்மா ஒரு தெர்மாகோல் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள்.

"என்னாடி மீனு?"

"மீனு இல்லம்மா, கிட்னி."

"ஆட்டு கிட்னியா?"

"ஆளு கிட்னி."

அம்மா பெட்டியைத் தரையில் வைத்தாள். "எதுவா இருந்தா இன்னா, சதை சதைதான். எம்மாந்தூரம் போவுது?"

"மெட்ராஸ்."

"அப்ப உப்பு போடணும்," என்று மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு பாட்டிலையும் ஐஸுக்கு நடுவில் புதைத்து, மேலே இரண்டு கை கல்லுப்பு போட்டு, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தாள். "ரெண்டு நாளு ஆனாலும் அசையாது, போ."

மரக்காணம் தாண்டுவதற்குள் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. அது முந்தின நாள் கவளை மீன் போன பெட்டி. கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"என்னாம்மா, பஸ்ல மீன் ஏத்தக்கூடாதுன்னு தெரியாது?"

"மீன் இல்லண்ணே."

"வாடை மூக்கத் தொளைக்குது, மீன் இல்லன்ற?"

"பெட்டிதான்ணே மீன் பெட்டி. உள்ள இருக்கறது கிட்னி."

பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் இரண்டடி பின்னால் போய், குரலைத் தாழ்த்தி, "யாருதும்மா?" என்றார்.

"காதர் பாயோடது."

அதற்கப்புறம் மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அந்த சீட் முழுக்க எனக்குத்தான். நின்றுகொண்டு வந்தவர்கள்கூட வந்து உட்காரவில்லை. நானும் கால் நீட்டிக்கொண்டு போனேன். (அதுக்கும் சேர்த்துத்தான் அப்புறம் அனுபவிச்சேன்.)

மெட்ராஸ் லேபில் ஒரு அம்மா, திசு பார்க்கிற டாக்டர், பெட்டியைத் திறந்தார். பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை, கல்லு மாதிரி இருந்தது.

"யார் பேக் பண்ணது?"

"நான்தான் டாக்டர்!" என்றேன். பாராட்டப் போகிறார் என்று நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டேன்.

அவர் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். "படி."

"ஐஸில் வைக்கக் கூடாது."

"இதப் படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் டாக்டர். எழுதினவங்களுக்கு எங்க ஊரு வெயில் தெரியாதுன்னு நெனச்சேன்."

"எழுதினது நான்தான். நான் கடலூர்க்காரி."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: ஒளிரும் சாயத்துக்கு நாங்களும் உறைய வைப்போம், ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் வைப்போம். நீ மூணு மணி நேரம் மெதுவாக உறைய வைத்திருக்கிறாய், ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து திசுவைக் கிழித்துவிட்டது. நான் சும்மா இருந்தேனா? "அப்ப ஐடியா சரிதான் டாக்டர், வேகம்தான் பத்தல?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கனவில் வரும்.

சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். இரண்டு துணுக்கும் சல்லடை. ஓட்டை ஓட்டையாக இருந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. மறுபடி எடுக்க வேண்டியதுதான் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். வேலை போய்விடும் என்று இல்லை. ‘இன்னொரு தபா என்னால முடியாது’ என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

மறுநாள் காலையில் எங்கள் மேனேஜர் பாஸ்கரன் சார் நடந்ததைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற நம்ம பேப்பர்ல திசு போதவில்லைன்னு ஒரு வரி போட்டுடலாம். ஆஸ்பத்திரில சரியா எடுக்கலன்னு நெனச்சிப்பாங்க. நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன்."

"டாக்டர் நல்லாத்தான் சார் எடுத்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

"அத யாரு இப்ப கேட்டா?"

"நான்தான் கெடுத்தேன்னு போடுங்க சார்."

"போட்டா உன் வேலை போவும்."

"போவட்டும். எங்க அம்மா பதம் போன மீன பதம் போனதுன்னு சொல்லித்தான் விப்பாங்க." (சத்தியமாக அம்மா ஒரு நாளும் அப்படிச் சொல்லி விற்றதில்லை. கோபத்தில் வாய்க்கு வந்துவிட்டது.) "அவரு முதுக குத்தினது எனக்காக இல்ல சார், அவரு பொழைக்கறதுக்கு. அதுல போயி பொய் எழுதச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் எங்கேயும் கால் நிற்கவில்லை.

காதர் பாய் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜுலைகா அக்கா இடியாப்பம் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் எழுதியிருந்ததைப் படித்தும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"அடிப்பாவி!" என்று அக்கா எழுந்துவிட்டார். "குத்து வாங்கி மல்லாக்கப் படுத்தவரு அசையாம கெடந்தாரே நேத்து பூரா! உன் கைல குடுத்ததுக்கு நடுத்தெருவுல போட்டிருக்கலாம்!"

பாய் அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஐஸு போட்டியா?"

"போட்டேன் பாய்."

"உப்பும் போட்டியா?"

"போட்டேன் பாய்."

"மஞ்சத்தூள மட்டும் ஏன் உட்டுட்ட?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பாய் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "தப்பு உன்னுது, முதுகு என்னுது. அத மட்டும் மறந்துடாத," என்றார். நான் மறக்கவில்லை.

டாக்டர் வந்து, விஷயம் கேட்டு, என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். முதல் காயம் ஆறட்டும், பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கலாம் என்றார். பாய் கையை உயர்த்தினார்.

"குத்துங்க டாக்டர். ஆனா பாட்டில இந்தப் பொண்ணுதான் எடுத்துனு போவணும். வேற ஆளு போனா புதுசா ஒரு தப்பு பண்ணுவான். இவ இந்தத் தப்ப இனிமே பண்ண மாட்டா."

அந்த ஒரு வார்த்தையால் பாஸ்கரன் சாரால் என்னை வெளியே தள்ள முடியவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டாவது தடவை பாட்டில்களைக் கைப்பையில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். புறப்படும்போது அம்மா போன் செய்து, "ஐஸு வேணுமாடி?" என்றாள். போனை வைத்துவிட்டேன். பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னிக்கு என்னாம்மா?" என்றார்.

"அதே பாய்ண்ணே, அதே கிட்னி."

எனக்குப் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார்.

ரிப்போர்ட் வந்தது. மாத்திரைக்குக் கேட்கிற வகைதான். ஆறேழு மாதத்தில் பாயின் கால் வீக்கம் வடிந்து, மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு அந்த லேபில் திசுப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ‘ஐஸில் வைக்கக் கூடாது’ என்ற தாளை சுவரில் ஒட்டி, அதன் கீழே என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘வைத்துப் பார்த்தாயிற்று. - தனலட்சுமி.’ யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் கோட் காதர் பாய் தைத்தது. பந்தியில் அம்மாவைப் பார்த்ததும் விட்டாரா? "உங்க ஐஸாலதாம்மா நான் ரெண்டு குத்து வாங்கினேன்," என்றார்.

"எங்க ஐஸ்ல இதுவரிக்கும் ஒண்ணும் கெட்டதில்ல பாய்," என்றாள் அம்மா. "உங்க கிட்னிதான் முன்னாடியே பதம் போயிருக்கும்."

"உங்க பொண்ணு வந்து ஒத்துக்கினாளே. நீங்க ஒத்துக்க மாட்டீங்களா?"

"அவ படிச்சவ, ஒத்துக்குவா. நான் வியாபாரி."

பாய் சாப்பாட்டு இலையின் முன் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் ட்ரேயை எடுத்தால் போதும், என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் இடுப்பை மூடிக்கொள்வார். அம்மா மட்டும் கூடத்திலிருந்து, "உப்பு போட்டியாடி?" என்று குரல் கொடுப்பாள்.